காலாவதியான நோட்டோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால்

புரோநோட்டு, அதாவது கடன் வாங்கியவர் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள், கையில் வந்தால் முன்பக்கத்தைப் படிக்கும் முன்பே பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது வக்கீல் குமாஸ்தாக்களின் பழக்கம். அவ்வப்போது கொடுத்த பணத்தை வரவு எழுதியிருப்பது அங்கேதான். கடைசி வரவின் தேதியோடு மூன்று வருஷத்தைக் கூட்டினால் நோட்டுக்கு உயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துவிடும். சேலம் கோர்ட்டில் 31 வருஷம் இதையே செய்தவன் நான். 2011 மாசி மாதம் என் வீட்டு வாசலில் வயதான ஒரு அம்மா நீட்டிய நோட்டையும் கை தானாகத் திருப்பியது. கடைசி வரவு 1999 பிப்ரவரி.

"இது போயிருச்சேம்மா" என்றேன்.

"அது தெரியும் கண்ணு. முன்னாடி இருக்கறது உங்கப்பன் கையெழுத்துதானான்னு மட்டும் சொல்லு" என்றார்.

அப்பாவின் கையெழுத்துதான். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஏறி இறங்கும் அந்தக் கோணல் எழுத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆனாலும் அன்று அவரைத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். "பாத்துச் சொல்றேன்" என்று சொன்னதோடு சரி. மறுபடி நானாக அவர் வீட்டுக்குப் போக ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் யோசித்ததையும், அப்புறம் செய்ததையும், செய்திருக்கக் கூடாததையும்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் அப்பாவோ மாமனாரோ வைத்துப்போன கடனுக்காக யாராவது வாசலில் வந்து நின்றால் உதவும். நான் வக்கீல் இல்லை. தொகை பெரிதாக இருந்தால் வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் எங்கள் கதை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அப்பா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம், வாடகை வீட்டுத் திண்ணையில் மூன்று பேர், அவ்வளவுதான். செவ்வாப்பேட்டையில் கடைக்காரர் வெள்ளி கொடுப்பார். கம்பி இழுத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகு போட்டுத் திருப்பிக் கொடுத்தால் கூலி. சொந்த வெள்ளியில் செய்தால் கூலியோடு லாபமும் நமக்கே நிற்குமே என்று 1996ல் அப்பாவுக்கு ஒரு ஆசை வந்தது. குகைப் பக்கம் நெசவுத் தறிக்குத் தார் சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்த இந்த அம்மாவிடம் 15,000 ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 1997லும் 1999லும் அதுவரைக்குமான வட்டியைக் கொடுத்து நோட்டின் பின்னால் வரவு வைத்திருக்கிறார். அதோடு நின்றுவிட்டது. 2008 ஆகஸ்டில் அப்பா போய்ச் சேர்ந்தார். விட்டுப்போனது ஊதுகுழல், இடுக்கிகள், ஒரு சின்னத் தராசு.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

மனசாட்சி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கொடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல், கோர்ட்டு, ஜப்தி என்று பயந்து கொடுத்துவிட்டு, பிறகு நேர்மையாக நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பயந்து கொடுத்தது வேறு கணக்கு.

கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய நோட்டுக்கு 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி மூன்று வருஷம்தான் ஆயுள். அந்த மூன்று வருஷத்துக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, பணம் கொடுத்து அதை வரவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். எங்கள் நோட்டு 2002 பிப்ரவரியோடு முடிந்தது. முடிந்த பிறகு வழக்குப் போட்டால், பிரதிவாதி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட்டு தள்ளுபடி செய்தாக வேண்டும். சட்டத்தின் 3ஆம் பிரிவு அப்படி.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சட்டம் இங்கே கோர்ட்டுக் கதவைத்தான் சாத்துகிறது. கடன் கடனாகவே வெளியே நிற்கிறது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தைப் பாருங்கள். பிரதிபலன், அதாவது பதிலுக்குக் கிடைக்கும் ஒன்று, இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் அதே 25ஆம் பிரிவு, காலங்கடந்த கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும் என்று விலக்குக் கொடுக்கிறது. அதற்கு உதாரணமும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: ஒருவன் 1,000 ரூபாய் தர வேண்டும், காலம் கடந்துவிட்டது, 500 தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறான், அது ஒப்பந்தம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் எழுதியவர்களுக்கு இப்படி ஒருவன் தானாக முன்வந்து எழுதிக் கொடுப்பான் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள். தட்டச்சு மிஷினில் "காலவரம்பால் பாதிக்கப்பட்டது" என்று எத்தனை எதிர்வழக்குரையில் அடித்திருப்பேன், கணக்கே இல்லை. இந்த உதாரணத்தை நின்று படித்தது அந்த ஐந்து மாதத்தில்தான்.

வாரிசு என்ற முறையில் இன்னொரு கேள்வியும் உண்டு. இறந்தவர் விட்டுப்போன சொத்தில் உங்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் அவருடைய கடனுக்கு நீங்கள் பொறுப்பு. இந்துக் குடும்பங்களில் அப்பா கடனைத் தீர்ப்பது மகனின் தர்மக் கடமை என்று பழைய விதி ஒன்று இருந்தது, கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. 2005ல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் கடமையை மட்டும் காரணமாகக் காட்டி மகன் மேல் இனி வழக்குப் போக முடியாது. அதற்கு முந்தைய கடன்களுக்குப் பழைய விதியே தொடரும். எங்கள் கடன் 1996ல் வாங்கியது, ஆகவே அதில் வாதாட இடம் உண்டு, ஆனால் காலம் முடிந்த பிறகு வாதாடி என்ன ஆகப்போகிறது? ஊதுகுழலையும் தராசையும் ஜப்தி செய்யவா?

இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியில் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், குறிப்பாகப் புது நோட்டு. மனசு இளகிய நேரத்தில் "பழையதைக் கிழிச்சிட்டுப் புதுசா எழுதிக் கொடுத்துடறேன்" என்று சொல்லி, வட்டிக்கு வட்டி சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதற்கே சம்மன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுப்பதாக முடிவு செய்தால் பணமாகக் கொடுங்கள். காகிதம் உங்கள் பக்கம் வர வேண்டும், உங்களிடமிருந்து போகக் கூடாது.

அடுத்தது, கடன் நிஜமாகவே பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்து அப்பாவுடையது என்பதால் மட்டும் பாக்கி இருப்பதாக ஆகிவிடாது. எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு வழக்கில், பணம் முழுக்கக் கொடுத்து முடித்த ஒருவர், தெரிந்த மனிதர்தானே என்று நோட்டைத் திரும்ப வாங்காமல் விட்டிருந்தார். எட்டு வருஷம் கழித்து, கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. அந்த நோட்டு பிள்ளைகளிடம் வந்தது. அன்றைக்கு அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது இதே காலவரம்புதான். அதனால் காலவரம்பை ஏமாற்றுக்காரர்களின் சந்து என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ரசீது செல்லரித்துப் போகும், சாட்சி செத்துப் போவான், ஒருவனை எத்தனை வருஷத்துக்குத்தான் கணக்குக் கேட்பது? அதை வாதமாக வைப்பதில் தப்பே இல்லை, நீங்கள் தர வேண்டியதில்லை என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரிந்திருந்தால்.

எனக்குத் தெரியவில்லை. ஆகவே தேடினேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பட்டறைக் கணக்கு நோட்டு இருந்தது. வந்த வெள்ளி, திருப்பிக் கொடுத்த கொலுசு, சேதாரம், கூலி எல்லாம் பென்சிலில் பொடி எழுத்தில். கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு வரி, "குகை அம்மா 15000", பக்கத்தில் ஒன்றும் இல்லை. மற்ற பெயர்கள் எல்லாவற்றையும் குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தார். இதை மட்டும் அடிக்கவில்லை.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை, எவ்வளவு என்பதைத் தவிர.

கணக்கில்தான் நல்ல மனிதர்களும் சறுக்குவார்கள். நானும் என் கணக்கை எடுத்துக்கொண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் குகைக்குப் போனேன். கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை, இறங்கி நடந்தேன். வீட்டில் அந்த அம்மாவோடு அவருடைய மகனும் இருந்தார். மகன் ஒரு கணக்குச் சொன்னார்: 1996ல் வெள்ளி கிலோ ஏழாயிரம் சொச்சம், அந்தப் பணத்துக்கு இரண்டு கிலோ வாங்கிப் பரணில் போட்டிருந்தால் இன்றைக்கு லட்சத்தைத் தாண்டியிருக்கும், ஆகவே லட்சம் கொடுங்கள். அந்த வருஷம் வெள்ளி கிலோ ஐம்பதாயிரத்துக்கு மேலே இருந்தது, அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் அப்பா அந்தப் பணத்தில் வெள்ளிதான் வாங்கினார்.

அந்த அம்மாதான் பேசினார். "நான் என்ன வெள்ளியா கொடுத்தேன்? பணம் கொடுத்தேன். பேசின வட்டியக் குடுக்கட்டும்." அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "மனுசன் செத்தன்னிக்கு வட்டியும் நின்னு போகணும். பொணத்து மேல வட்டி ஓடக் கூடாது."

எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு விதியை நான் பார்த்ததில்லை. 1999 பிப்ரவரியிலிருந்து 2008 ஆகஸ்ட் வரை 114 மாதம், மாதம் 150 ரூபாய், 17,100. அசலோடு சேர்த்து 32,100. நூறு ரூபாயை அவரே தள்ளிவிட்டார். அவர் என் வாசலுக்கு வந்த 2011 பிப்ரவரி வரைக்கும் ஓட்டியிருந்தால் இன்னும் 4,500 கூடும். அதை நானாகக் கொடுக்க முன்வந்தேனா என்று கேட்டால், இல்லை. பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த 4,500 கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

உங்கள் கணக்கு எப்படி அமையும் என்பது வாங்கின கையையும் கொடுத்த கையையும் பொறுத்தது. பேசிய வட்டி நியாயமானதாக இருந்தால் அதையே வையுங்கள், தனி வட்டியாக. மீட்டர் வட்டி, தண்டல், கந்து வட்டி என்றால் கதையே வேறு. 2003லிருந்து தமிழ்நாட்டில் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மனசாட்சி என்ற பெயரில் வட்டி கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அசலுக்கு மேல் ஏற்கெனவே வாங்கியிருப்பார், அதைக் கழித்துப் பாருங்கள்.

இது புதுச் சிந்தனை ஒன்றும் கிடையாது. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917ல் இந்த ஊர் நகராட்சித் தலைவராகி, 1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவிதான்) உட்கார்ந்த ராஜாஜி, 1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். 1932 அக்டோபர் 1க்கு முந்தைய விவசாயக் கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி முழுக்க ரத்து. வாங்கிய அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அதே 1937 அக்டோபர் 1ஆம் தேதிதான் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கும் தொடங்கியது, மாகாணத்திலேயே முதலாவதாக. குடிக்காதே என்று சட்டம் போட்டதைப் பற்றி ஊரில் இன்றும் ஆளுக்கொரு பேச்சு உண்டு. கடன் சட்டத்தை யாரும் நினைப்பதே இல்லை. வட்டி ரத்தான பிறகும் சிலர் ரகசியமாகக் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்று எங்கள் பழைய வக்கீல் சொல்வார். சொல்லிவிட்டு, "மடப்பசங்க, ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருப்பானுங்க" என்று அவரே திட்டுவார். வாக்குக் கொடுத்தோமே என்று அவர்கள் கட்டினார்கள். வாக்கே அநியாயமாக வாங்கப்பட்டது என்று சட்டம் சொன்னது. இந்த விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம்.

வீட்டு ஆட்களிடம் பேசுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். என் தம்பி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்: "சட்டப்படி குடுக்க வேண்டியதில்லைனு நீதானே ஊருக்கெல்லாம் சொல்ற?" பாதித் தொகையைக் கொடு என்று அவனிடம் வாதாடினேன். இதுதான் நான் செய்த தப்பு. இரண்டு தீபாவளிக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. கோர்ட்டு டிக்ரி என்றால் எல்லா வாரிசுக்கும் சேர்த்து வரும். மனசாட்சிக்கு அப்படிப் பங்கு பிரிக்க வழி கிடையாது. உறுத்துகிறவர் கொடுக்கட்டும். மற்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், கணக்கைக் காட்டுங்கள், பங்கு கேட்காதீர்கள். மனைவியிடம் மட்டும் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், அது அவருடைய பணமும்தான். பிள்ளை படிப்புக்கு வைத்ததை எடுத்துக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆகாதீர்கள். தவணை கேளுங்கள். நான் 12,000, பிறகு பத்துப் பத்தாக இரண்டு முறை கொடுத்தேன்.

கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிற்கும் கடன் வட்டியோடு சேர்ந்து 20,000 ரூபாயைத் தொட்டால் ரொக்கமாகத் திருப்பக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. ரொக்கம் என்றால் சாட்சியும் இல்லை. செக்கோ வங்கிக் கணக்கு வழியாகவோ கொடுங்கள், அதுவும் நோட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயருக்கே. "பையன் கணக்குல போட்டுடு கண்ணு" என்று அந்த அம்மா சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அவர் காலத்துக்குப் பிறகு மகள்கள் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது? கடன் கொடுத்தவர் ஏற்கெனவே இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, எல்லோரையும் உட்கார வைத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

எந்தக் கடனுக்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை ரசீதில் எழுதுங்கள். அவருக்கு நீங்கள் வேறு பாக்கியும் வைத்திருந்து, எதற்கு என்று சொல்லாமல் கொடுத்தால், அதை எதில் வேண்டுமானாலும் வரவு வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு, காலங்கடந்த கடனில்கூட. 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். கடைசித் தவணை அன்று அசல் நோட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். "வீட்டில எங்கயோ இருக்கு, அப்புறம் தரேன்" என்றால் நீங்களும் அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதில் கூச்சம் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன எட்டு வருஷத்து வழக்கு இந்தக் கூச்சத்தில் ஆரம்பித்ததுதான்.

கடன் கொடுத்தவர் இதைப் படித்தால் அவருக்கும் இரண்டு வார்த்தை. இரண்டே முக்கால் வருஷத்தில் போய் வரவு வைக்கச் சொல்லுங்கள், நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. விட்டுவிட்டீர்கள் என்றால் பிறகு கேட்கலாம், அந்த அம்மா கேட்டதுபோல. வாசலில் நின்று கத்துவது, ஆள் அனுப்புவது, கடைக்குப் போய் மானத்தை வாங்குவது எல்லாம் சேர்ந்தால் உங்கள் மேல்தான் கேஸ் விழும். அந்த அம்மா இரண்டாவது முறை வரவே இல்லை. வந்து சத்தம் போட்டிருந்தால் நான் சட்டத்தைப் பேசி, கதவைச் சாத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசித் தவணை அன்று அவர் நோட்டை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். பின்பக்கத்தில் 1999 வரவுக்குக் கீழே "அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்" என்று நான் எழுத, தேதி போட்டு அவர் கையெழுத்திட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர், நிறுத்தி நிறுத்தி எழுதினார். முன்பக்கத்தில் ஸ்டாம்பின் மேல் இருக்கும் கையெழுத்தைக் குறுக்கே கோடு போட்டு அடிக்க வேண்டும், அதுதான் முறை. "நீயே போடு" என்றார். போட்டேன். சிலர் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கிழிக்காதீர்கள், ரசீதுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். போன பொங்கலுக்குத் தம்பி வந்தபோது எடுத்துக் காட்டினேன். வாங்கியதும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தான்.